வேலுவுக்கும் வெங்கடேசனுக்கும் நடுவில்

பட்டியலில் ஒரு வரி காலியாக இருந்தது. காலியாக இருந்ததில் பக்தவத்சலத்துக்கு ஆச்சரியம் இல்லை. அதைக் காலி செய்தவனே அவன்தான். ஆனால் அது நிற்க வேண்டிய இடம் அதுவல்ல.

திருமழிசை எஸ்டேட்டில் காலையிலிருந்து விடாத மழை. தகரக் கூரையின் மேல் கொட்டும் சத்தத்துக்கு அடியில் பவர் பிரஸ்கள் ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டிருக்க, எண்ணெயும் ஈரத் துருவும் பீடிப் புகையும் கலந்த வாடை கண்ணாடிக் கேபினின் இடுக்கு வழியே கசிந்து வந்து, அவன் மேஜையில் எரிந்த கொசுவர்த்தியின் வாசனையோடு சண்டை போட்டது. அவன் எதிரில் கம்பெனியின் ஒரே கம்ப்யூட்டர். மறுநாள் எந்த பிரஸ்ஸில் எவன் உட்காருவது என்று சாயங்காலமே டூட்டி போட்டு, அச்சடித்து, போர்டில் ஒட்டுவது அவன் வேலை. ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் திரையில் ஒரு பெட்டி. பெட்டியின் ஓரத்தில் கீழ்நோக்கிய ஓர் அம்பு. அம்பைத் தட்டினால் தொழிலாளிகளின் பேர்ப் பட்டியல் திரைச்சீலை போல இறங்கும். ஒரு பேரைத் தொட்டால் அது பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பேர்கள் ஆங்கில எழுத்து வரிசையில் நிற்கும். பேரே இல்லாத வரி என்றால் எல்லோருக்கும் மேலே, பட்டியலின் உச்சியில் போய் நிற்க வேண்டும். அதுதான் முறை. கம்ப்யூட்டருக்கு முறை தவறத் தெரியாது. ஆனால் அந்தக் காலி வரி கீழே, வேலுவுக்கும் வெங்கடேசனுக்கும் நடுவில் நின்றது. வேம்புலி என்ற பேர் நின்ற அதே இடத்தில். ஆள் எழுந்து போன பிறகும் பெஞ்சில் யாரும் நகர்ந்து உட்காராத மாதிரி.

பக்தவத்சலம் பட்டியலை மூடினான். மறுபடி திறந்தான். வேலு. ஒன்றுமில்லை. வெங்கடேசன்.

அந்த புரோகிராமை எழுதியவன் அவன். ஆவடியில் மாலை வகுப்புக்குப் போய் விஷுவல் பேசிக் படித்துவிட்டு வந்து, டைம்கீப்பர் நாற்காலியிலிருந்து கம்ப்யூட்டர் நாற்காலிக்கு மாறியவன். அவனுக்கு அதில் பெருமையான பெருமை. பெட்டியில் தெரிவது பேர். ஆனால் பெட்டி உள்ளே பிடித்து வைத்திருப்பது பேரை அல்ல, ஆளின் டோக்கன் நம்பரை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மாதிரி. சுற்றி நிற்பவனுக்குத் தெரிவது துண்டு; வியாபாரம் நடப்பது அடியில். நம்பரோடு பெட்டியைக் கட்டிவிட்டால் போதும், அந்த நம்பருக்கு எந்தப் பேரை எழுதி வைக்கிறோமோ அந்தப் பேரைத்தான் எல்லா இடத்திலும் காட்டும். வருகைப் பதிவில், டூட்டி ஷீட்டில், நேற்றில், போன வருஷத்தில். ஓரிடத்தில் மாற்றினால் ஊரெல்லாம் மாறிவிடும். முதலாளி கோவிந்தன் இதைக் கேட்டபோது வாயைத் திறக்காமல் சிரித்தார். அவர் எப்போதும் அப்படித்தான் சிரிப்பார். கடையில் இருக்கும் சரக்கையெல்லாம் வெளியே பரப்பாத மனுஷன்.

அந்த வசதியைத்தான் ஐப்பசி பிறந்த கையோடு அவர் கேட்டு வாங்கினார்.

நாலாம் நம்பர் பிரஸ்ஸில் கையைக் காக்கும் கம்பித் தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகிறது என்று ஃபோர்மேன் ஜேம்ஸ் அதைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்திருந்தான். ஒரு தரம் இறங்க வேண்டிய பிரஸ் தானாக மறு தரமும் இறங்கியது. வேம்புலியின் இரண்டு கைகளும் அப்போது உள்ளே இருந்தன.

அவனைத் தூக்கிக்கொண்டு போய், கேபினுக்குப் பின்சுவரை ஒட்டிய குடோனில், சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். வாசலில் வேன் நின்றது. டிரைவர் சாவியைக் கையில் வைத்திருந்தான். கோவிந்தன் கேபினுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ஆஸ்பத்திரில எந்தக் கம்பெனின்னு கேப்பான். ஹைவேஸ்ல லாரி ஏறிடுச்சு, யாரோ எவரோன்னு சேத்துக்கலாம். நம்ம ஆளே இல்ல. மொதல்ல பேர எடு பக்தா. அப்பறம் வண்டிய எடுக்கலாம்."

கம்ப்யூட்டர் அன்றைக்கென்று நிதானமாக உயிர் பெற்றது. பதிவை அழிக்கச் சொன்னால் அழிக்க மறுத்தது: இந்த நம்பரை நம்பி வேறு பதிவுகள் இருக்கின்றன என்றது. ஆறு வருஷ வருகை அந்த நம்பரில் தொங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வேம்புலியின் குரல் வந்தது. அலறல் இல்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் கேட்பது போல, பணிவாக.

"முட்ஞ்சிச்சா சார்?"

பக்தவத்சலம் மறுபடி முயன்றான். மறுபடி மறுத்தது.

"சார்... முட்ஞ்சிச்சா சார்?"

கடைசியில் நம்பரை அப்படியே விட்டுவிட்டு, பேரை மட்டும் துடைத்தான். "ஆச்சு" என்று அவன் எழுந்தபோது சுவருக்குப் பின்னால் யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் காலி வரி திரையில் நின்றது. பக்தவத்சலம் வெளிறிய முகத்தோடு டெலிபோனை எடுத்து முதலாளியை அழைத்தான்.

"காலியா இருக்குதா? அது எப்படி காலியா இருக்கலாம்? நாளான்னிக்கு லேபர் இன்ஸ்பெக்டர் வர்றான்யா. வேம்புலி பொண்டாட்டி பெட்டிஷன் குடுத்துகீது. இது யாரோட அட்டெண்டன்ஸுன்னு கேட்டா உன் மூஞ்சியவா காட்டுவே?" கோவிந்தனே வழியும் சொன்னார். "ஜேம்ஸ் பேர போடு. அவனுக்குத்தான் டோக்கன் கெடையாதே. அவன் ஒத்துப்பான்."

ஜேம்ஸ் ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வான்? தடுப்பைக் கழற்றியவன் அவன். கேபினுக்குள் வந்து, எண்ணெய்க் கையோடு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தான். பக்தவத்சலம் பேரை அடித்தான். அடித்த நொடியில் ஆறு வருஷத்து வேம்புலி ஆறு வருஷத்து ஜேம்ஸ் ஆனான். பொங்கலுக்கு முந்தின நாள் ஓவர்டைம் பார்த்தது ஜேம்ஸ். மஞ்சள் காமாலைக்கு லீவு போட்டது ஜேம்ஸ். அன்றைக்கு நாலாம் நம்பரில் உட்கார்ந்திருந்ததும் ஜேம்ஸ்.

"த்தோடா! ஒரு தட்டு தட்னே, ஆறு வருசம் சர்வீஸ் ஏறிப்போச்சே மாமே! இன்னொரு தட்டு தட்டு, ரிட்டேர் ஆயி ஊட்டுக்குப் போறேன்."

"சும்மா இரு ஜேம்ஸ்."

"இன்னா பேயறஞ்சா மாரி கீறே? செத்தவன் வந்து கம்பியூட்டரு கத்துக்கப் போறானா? உயிரோட இருந்தப்பவே அவனுக்குக் கைநாட்டு."

அவன் சிரித்துக்கொண்டே போனான். பக்தவத்சலம் பட்டியலை இறக்கிப் பார்த்தான். ஜேம்ஸ் என்ற பேர் நடுவில், ஜெகதீசனுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

வேலு. ஜேம்ஸ். வெங்கடேசன்.

மறுநாள் ஜேம்ஸ் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டிருந்தான். சட்டையைக் கழற்றி, வேம்புலி மாட்டுகிற ஆணியில் மாட்டியிருந்தான். ஃபோர்மேன்கள் உட்காருவதில்லை, நின்று திட்டுவதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். ஜேம்ஸ் நாலாம் நம்பர் ஸ்டூலில் உட்கார்ந்து தகட்டைத் தள்ளிக்கொண்டிருந்தான். அந்தப் பெரிய உடம்பு எப்படியோ ஒடுங்கி, ஒல்லியான ஒருவன் உட்காரும் விதத்தில் ஒரு காலை மடித்து உட்கார்ந்திருந்தது.

பக்தவத்சலம் கேபினை விட்டு இறங்கி அவனருகே போனான்.

"என்ன ஜேம்ஸ், நீயே உக்காந்துட்டே?"

"நம்ம மிஷின் சார்."

அவன் திரும்பவில்லை. இத்தனை வருஷத்தில் ஜேம்ஸ் அவனை மாமே என்று கூப்பிட்டிருக்கிறான், பக்தா என்று கூப்பிட்டிருக்கிறான், கோபம் வந்தால் சொல்லக்கூடாத பேரெல்லாம் வைத்துக் கூப்பிட்டிருக்கிறான். சார் என்று கூப்பிட்டதே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் இடி இடித்தது. மின்சாரம் போனது. பிரஸ்களின் சக்கரங்கள் இரண்டு சுற்று முனகிவிட்டு ஒவ்வொன்றாக நின்றன. வேலை நின்ற சந்தோஷத்தில் யாரோ விசிலடித்தார்கள். பிறகு மழை மட்டும் கேட்டது. மழையும் கூரையும், கூரையிலிருந்து டிரம்மில் விழும் நீரும், எங்கோ ஒரு தவளையும்.

அந்த அமைதியில் ஒரு பிரஸ் இறங்கியது.

ஒரே ஒரு தரம்.

மின்சாரம் இல்லாமல், சக்கரம் சுற்றாமல், நாலாம் நம்பர்.

வேன் கிளம்பவில்லை. நசரத்பேட்டை ரோட்டில் முட்டியளவு தண்ணீர் என்றான் டிரைவர். தண்ணீர் வடியும்வரை கை நசுங்கிய ஜேம்ஸைக் குடோனில் கிடத்தினார்கள். இந்தத் தடவை யாரும் கிடத்தச் சொல்லவில்லை, வேறு இடமில்லை, அவ்வளவுதான். பக்தவத்சலம் குடோனுக்குப் போகவில்லை. கேபினில் நாற்காலியைச் சுவரிலிருந்து முடிந்தவரை தள்ளிப் போட்டுக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொத்திய உள்ளங்கையைத் தாண்டி அது வந்தது. ஜேம்ஸின் கனத்த தொண்டைதான். ஆனால் அவசரம் இல்லாமல். பணிவாக.

"முட்ஞ்சிச்சா சார்?"

இருட்டும் முன்னே முடிந்துவிட்டது. தொழிலாளிகள் ஒருவரோடொருவர் பேசாமல் கலைந்து போனார்கள். ஜேம்ஸின் உடம்பை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. மின்சாரம் இன்னும் வரவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் அடியில் வைத்த பேட்டரிப் பெட்டியின் தயவில், இருட்டில் ஒரு நீலச் சதுரமாக எரிந்துகொண்டிருந்தது. பக்தவத்சலம் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தான். பார்த்தான்.

வேலு. ஒன்றுமில்லை. வெங்கடேசன்.

டெலிபோன் அடித்தது. அவன் துள்ளி விழுந்தான்.

"ஜேம்ஸுக்கு இன்ஷூரன்ஸ் கீது, அத நான் பாத்துக்கறேன்," என்றார் கோவிந்தன். பெங்களூர் போகிற வழியில் எங்கிருந்தோ பேசினார். பின்னால் லாரிகள் இரைந்தன. "அந்த நம்பருக்கு வேற பேர போடு. நாளைக்குக் காலீல இன்ஸ்பெக்டர் வந்துடுவான்."

"சார், அது... பேர் நிக்க மாட்டேங்குது சார்."

"ஒரு பேருக்கா பஞ்சம்? யாருமே கெடைக்கலன்னா உன் பேரப் போடேன்யா." வாயைத் திறக்காத அந்தச் சிரிப்பு டெலிபோனிலும் கேட்டது. பிறகு லைன் செத்துப்போனது.

பக்தவத்சலம் குடையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். வீட்டுக்குப் போய்விட வேண்டும். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் வீடு. வனஜா சூடாக எதையாவது போட்டுத் தருவாள். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படுத்துவிடலாம். கேட்டில் வாட்ச்மேன் துலுக்கானம் தலைக்குச் சாக்கு போர்த்தி நின்றிருந்தான். கேட்டுக்கு வெளியே, அவன் கொடுத்த பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு பொன்னியம்மா. வேம்புலியின் பெண்சாதி. புருஷன் போனதிலிருந்து தினம் வந்து அந்த இடத்தில்தான் நிற்கிறாள்.

"பஸ்ஸு ஒண்ணும் வர்ல சார்," என்றான் துலுக்கானம். "தண்ணி ஏறிகினே கீது. உள்ளியே குந்து."

"இந்த மழையில நீ ஏம்மா நிக்கறே? வீட்டுக்குப் போ," என்றான் பக்தவத்சலம். தன் குரலே அவனுக்குப் பிடிக்கவில்லை.

"நா காசா கேக்கறேன்? எங்க ஊட்டுக்காரரு இங்க வேல பாத்தாருன்னு ஒரு வரி எய்திக் குடு. போய்கினே இருக்கேன்."

"அப்படி யாரும் இங்க..."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது சிவந்த கண் இல்லை. சந்தையில் நல்ல விலைக்குக் காத்திருக்கிறவளின் கண். எவ்வளவு நேரமானாலும் இறங்கி வரப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட கண்.

"அவரு வர்றாரு சார். வாசல் வரிக்கும் வர்றாரு. உள்ள வாய்யான்னா வர்ல. இது எந்த ஊடுன்னு கேக்கறாரு. பேரு இல்லாதவன் எந்த ஊட்டுக்குப் போறதுன்றாரு." பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நாந்தான் சொல்லி அனுப்சேன். எட்த்தவங்க கிட்டயே போய்க் கேளுய்யா. ஒவ்வொருத்தனா கேளு. குடுக்காதவன் கைய உடாதன்னேன்."

துலுக்கானம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னம்மா நீ..."

"அவரு பேர அவருக்குக் குட்த்துடு நைனா. அவ்ளோதான்."

பக்தவத்சலம் திரும்பி நடந்தான். அவள் சொன்னது நியாயம் என்பது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒரு பேர். சில எழுத்துகள். காலி வரியில் வேம்புலி என்று அடித்துவிட்டால் போதும். செய்துவிடலாம். இப்போதே செய்துவிடலாம்.

ஷெட்டுக்குள் வெளிச்சமே இல்லை. பிரஸ்கள் வரிசையாகக் குனிந்து நின்றன. ஈரச் செருப்பு தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிய, அவன் அவற்றின் நடுவே நடந்தான். அவன் நின்றபோது ஒட்டிப் பிரியும் சத்தம் இன்னும் ஓரடி கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். நீலச் சதுரம். பேட்டரிப் பெட்டி சன்னமாகக் கத்த ஆரம்பித்திருந்தது. அதன் உயிர் குறைந்துகொண்டு வந்தது.

அந்த நம்பரின் பதிவைத் திறந்தான். காலிப் பேரில் கர்சர் துடித்தது. முதல் எழுத்தை அடித்தான். இரண்டாவது. மூன்றாவது.

முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டது.

எண்ணெய் வாடை. வேர்வை. அதற்கு அடியில், துருவைப் போல, வேறொரு வாடை. கழுத்துக்கு மிக அருகில். அந்தப் பயத்திலும் அவனுக்குள் இருந்த கணக்குப் புத்தி விழித்துக்கொண்டது. பேரைப் போட்டால் நாளைக்கு இன்ஸ்பெக்டர் பார்ப்பார். அழித்தது யார் என்பார். முதலாளி பெங்களூரில் இருப்பார். ஜேம்ஸ் செத்துவிட்டான். மிச்சம் யார்? இன்றைக்குப் பேரைக் கொடுத்தால் நாளைக்குக் கையில் விலங்கு.

"நாளைக்குப் போட்டுடறேன்," என்றான் மெதுவாக, திரையைப் பார்த்து. "இன்ஸ்பெக்டர் போனதும் சத்தியமா போட்டுடறேன். ஒரே ஒரு நாள். உனக்கு என்ன, எத்தனையோ நாள் பொறுத்தே."

பதில் இல்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். நாலு பேரோடு விலை பேசிப் பழகியவனாக இருந்தால் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். எதிராளி வாயை மூடிக்கொண்டால் ஒத்துக்கொண்டான் என்று அர்த்தம் இல்லை. மனசுக்குள் வேறொரு விலையை முடிவு செய்துவிட்டான் என்று அர்த்தம்.

அடித்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தான்.

முதுகுக்குப் பின்னால் மூச்சு விடப்பட்டது.

பிறகு அவனுக்கு ஒரு பயம் வந்தது. தன் பேர் பத்திரமாக இருக்கிறதா? ஸ்டாஃப் என்றாலும் அவனுக்கும் ஒரு நம்பர் உண்டு, ஒரு பதிவு உண்டு. அதைத் திறந்தான். இருந்தது. பக்தவத்சலம், சொந்த நம்பர், சொந்த வீட்டு விலாசம். நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. நம்பர்ப் பெட்டியின் ஓரத்தில் அதே அம்பு. அந்தக் காலி வரி இன்னும் அங்கேதான் நிற்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. பார்க்கத்தான். பட்டியலை இறக்கினான். கீழே போனான். வேலுவைத் தாண்டினான். நின்றது. வெள்ளையாக, நீளமாக, அங்கேயே நின்றது. தொட்டதும் அதன் மேல் நீலக் கோடு படிந்தது. சட்டென்று பதிவை மூடினான்.

மூடிய பிறகுதான் உறைத்தது.

ஸ்டோர்ஸ் தாட்சாயிணி போன மாதம் இதே தப்பைச் செய்தாள். யாரோ ஒருவனைத் தேடுவதற்காகப் பெட்டியில் வேறு பேரைத் தொட்டாள். திறந்திருந்தவனின் பதிவு அந்தப் பேருக்கு மாறிவிட்டது. அறிவிருக்கிறதா என்று அவளை எல்லோர் முன்னாலும் கேட்டான். தேடுவதற்குத் தனிப் பெட்டி வைக்கச் சோம்பல்பட்டு, பதிவோடு கட்டிய பெட்டியையே அதற்கும் வைத்தவன் அவன். தொட்டதை அது எடுத்துக்கொள்ளும். மூடும்போது கேட்காமல் எழுதிக்கொள்ளும்.

வெறும் பார்வைக்குத்தான் தொட்டான். இறந்தவனின் நம்பரைத் தன் நம்பராக எழுதிக்கொண்டுவிட்டான்.

பதறித் திறந்தான். பட்டியலின் மேல் பகுதியில் அவன் பேர் இல்லை. கீழே ஓடினான்.

வேலு. பக்தவத்சலம். வெங்கடேசன்.

"இல்ல. இல்ல, இரு." வேறு நம்பரைத் தொட்டான். பெட்டி மாறவில்லை. மறுபடி தொட்டான். பட்டியல் இறங்கியது. வேலு இல்லை. பக்தவத்சலம். வெங்கடேசன் இல்லை. பக்தவத்சலம். மேலே போனான். பக்தவத்சலம். கீழே. பக்தவத்சலம். பக்தவத்சலம். பிரிண்டர் உதறிக்கொண்டு கிளம்பியது. மின்சாரம் இல்லாத பிரிண்டர். டூட்டி ஷீட் வந்தது. முதல் பிரஸ், அவன் பேர். இரண்டாவது, அவன் பேர். அடுத்தது. அடுத்தது.

வேம்புலி என்று அடித்தான். விரல் தட்டிய எழுத்தெல்லாம் வேம்புலிதான். திரையில் விழுந்ததெல்லாம் பக்தவத்சலம்.

பேட்டரிப் பெட்டி நீளமாகக் கத்தியது. நின்றது. திரை அணைந்தது.

இருட்டு.

மழை.

பிறகு ஷெட்டில் ஒரு சக்கரம் சுற்றத் தொடங்கியது. இன்னொன்று. எல்லாம்.

கண்ணாடிக்கு அப்பால், எங்கிருந்தோ கசிந்த சாம்பல் வெளிச்சத்தில், ஒவ்வொரு ஸ்டூலிலும் ஓர் ஆள். எல்லோர் முதுகிலும் ஒரே நீலக் கட்டம் போட்ட சட்டை. எல்லோர் உச்சியிலும் ஒரே சொட்டை. தன் பின்தலையை அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் தெரிந்தது.

முதல் பிரஸ் இறங்கியது.

அங்கே உட்கார்ந்திருந்தவன் அசையவில்லை. இங்கே, விசைப்பலகையின் மேல், பக்தவத்சலத்தின் வலது கட்டைவிரல் தகடாயிற்று.

கையை இழுத்தான். விசைப்பலகையை விட்டு வரவில்லை.

இரண்டாவது இறங்கியது. அடுத்த விரல்.

ஸ்டூலில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் திரும்பினார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் எழுதப்படவில்லை. வழவழப்பாக, வெள்ளையாக இருந்தது. அவரவர் கைகளை அச்சின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு, அவரவர் முறைக்குக் காத்திருந்தார்கள்.

மூன்றாவது.

நாலாம் நம்பர் ஸ்டூல் மட்டும் காலி. அதன் முன்னால் ஒல்லியான ஒருவன் குனிந்து நின்றான். மணிக்கட்டோடு முடிந்துபோன இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு பழைய பனியன் துணியை இடுக்கிக்கொண்டு, வரப்போகிறவருக்கு மரியாதையாக, அவசரமே இல்லாமல், அந்த ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.